எட்டுப் பட்டையின் கணக்கு

அரக்கோணத்திலிருந்து சோளிங்கர் பக்கம் போனால் வழியில் மகேந்திரவாடி. அங்கே தனியாக நிற்கும் ஒரு பாறையைக் குடைந்து முதலாம் மகேந்திரவர்மன் திருமாலுக்குக் கோயில் எடுத்தான். ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்து வேலை. கோயிலை மகேந்திர விஷ்ணுகிருகம் என்றும், அதன் ஏரியை மகேந்திர தடாகம் என்றும் அங்குள்ள கல்வெட்டு சொல்கிறது. நமக்கு இப்போது வேண்டியது அந்தக் கோயிலின் தூண்.

அடி சதுரம், தலை சதுரம், நடுவில் எட்டுப் பட்டை. மகேந்திரவர்மன் காலத்துத் தூண்களின் அடையாளமே இதுதான். சிவலிங்கத்தின் முழு உருவையும் எண்ணிப் பாருங்கள். பீடத்துக்குள் மறைந்திருக்கும் அடிப்பகுதி சதுரம், அதற்கு மேல் எட்டுப் பட்டை, கண்ணுக்குத் தெரியும் மேற்பகுதி உருண்டை. சமயம் இதற்குத் தரும் பொருள் வேறு. உளி பிடித்த கைக்கு இது ஒரு வேலை வரிசை. சதுரத்திலிருந்து உருண்டைக்குப் போகிறவன் நடுவில் எட்டுப் பட்டையில் நின்று மூச்சு வாங்க வேண்டும்.

ஏன் அங்கே நிற்க வேண்டும் என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. அதை ஒரு சிறு மரமீனை வைத்துப் போட்டுப் பார்க்கலாம்.

ஏரியும் பொய்மீனும்

இந்தப் பக்கத்து ஏரிகளில் தூண்டில் போடுகிறவர்கள் மனத்தில் முதலில் நிற்கும் மீன் விரால். கொடிகளுக்கும் கோரைகளுக்கும் இடையே அசையாமல் காத்திருந்து, மேலே துள்ளும் தவளையையோ தடுமாறும் சிறுமீனையோ பாய்ந்து கவ்வும். அதனால்தான் விராலுக்கு உயிர்த் தவளையைக் கோத்துப் போடும் வழக்கம் வந்தது. இன்று இளைஞர்கள் பலர் உயிர் இரைக்குப் பதில் பொய் இரை வீசுகிறார்கள். அவர்கள் அதை ‘லூர்’ என்கிறார்கள். மரத்தில் செய்தால் நாம் பொய்மீன் என்று சொல்லிக்கொள்ளலாம்.

கடையில் வாங்காமல் தானே செய்து பார்க்க நினைப்பவர் வேலியில் நிற்கும் கல்யாண முருங்கையில் ஒரு துண்டு வெட்டுவார், கத்தியால் சீவுவார், பிறகு உப்புத்தாளை எடுத்துத் தேய்க்கத் தொடங்குவார். தேய்ப்பார், தேய்ப்பார், மாலைவரை தேய்ப்பார். விரல் நுனி எரியும், மடியெல்லாம் தூள் கொட்டும். கடைசியில் கையில் இருப்பது ஒரு பக்கம் கொஞ்சம் பருத்து, மறுபக்கம் கொஞ்சம் மெலிந்த ஒரு உருவம். தண்ணீரில் போட்டு இழுத்தால் நேரே வராமல் ஒரு பக்கமாகச் சாய்ந்து ஓடும்.

இதில் சோம்பலும் இல்லை, பொறுமைக் குறைவும் இல்லை. உளியும் அரமும் செய்ய வேண்டிய வேலையை உப்புத்தாளிடம் கொடுத்ததுதான் தவறு.

நான்கு வெட்டில் எண்பது சதவீதம்

ஒரு கட்டையை எடுத்துக்கொள்வோம். நீளம் 90 மில்லிமீட்டர், உயரம் 20, அகலம் 16. இதன் குறுக்கு வெட்டு ஒரு செவ்வகம். நமக்கு வேண்டியது அதற்குள் அடங்கும் நீள்வட்டம். செவ்வகத்தின் பரப்பை 100 என்று வைத்தால் நீள்வட்டத்தின் பரப்பு 78.5. ஆகவே நாம் நீக்க வேண்டிய மரம் 21.5 பங்கு.

இப்போது நான்கு மூலைகளையும் சாய்வாக வெட்டி எட்டுப் பட்டை ஆக்குங்கள். எங்கே வெட்டுவது? ஒவ்வொரு பக்கத்தின் நீளத்தையும் 0.293-ஆல் பெருக்கினால் வரும் தூரத்தில், மூலையிலிருந்து அளந்து கோடு போட வேண்டும். 20 மில்லிமீட்டர் பக்கத்தில் அது சுமார் 6, 16 மில்லிமீட்டர் பக்கத்தில் சுமார் 4.7. அந்தக் கோடுகளுக்கு இடையே சீவினால் மிஞ்சும் எட்டுப் பட்டையின் பரப்பு 82.8. நீக்க வேண்டிய 21.5 பங்கில் 17.2 பங்கு போய்விட்டது. நான்கே வெட்டில் எண்பது சதவீத வேலை முடிந்தது.

எட்டு முனைகளையும் மறுபடி சீவிப் பதினாறு பட்டை ஆக்கினால் பரப்பு 79.6-க்கு இறங்குகிறது. நீக்க வேண்டியதில் இன்னும் மிச்சம் இருப்பது சுமார் ஐந்து சதவீதம்தான்.

இதையே உயரமாகப் பாருங்கள். எளிமைக்காக 20 மில்லிமீட்டர் விட்டமுள்ள வட்டத்தை எடுத்துக்கொள்வோம். சதுரத்தின் மூலை அந்த வட்டத்துக்கு வெளியே 4.1 மில்லிமீட்டர் நீட்டிக்கொண்டிருக்கும். எட்டுப் பட்டையின் முனை நீட்டுவது 0.8 மில்லிமீட்டர். பதினாறு பட்டையின் முனை 0.2 மில்லிமீட்டர். ஒவ்வொரு படியிலும் மேடு நான்கில் ஒரு பங்காகவோ அதற்கும் கீழாகவோ குறைகிறது. அந்த 0.2 மில்லிமீட்டர் என்பது முரட்டு உப்புத்தாளில் ஒட்டியிருக்கும் ஒரு மணியின் அளவு. அங்கே வந்த பிறகுதான் உப்புத்தாளுக்கு வேலை. நான்கு மில்லிமீட்டர் மேட்டை அந்த மணிகளைக் கொண்டு கரைக்க நினைப்பதும், கிணற்றுத் தண்ணீரைக் கரண்டியால் இறைப்பதும் ஒன்றுதான்.

எட்டுப் பட்டைக்கு இன்னொரு பெருமையும் உண்டு. உருண்டையில் தவறு கண்ணுக்குத் தெரியாது, பட்டையில் தெரியும். ஒரு பட்டை இன்னொன்றைவிட அகலமாகிவிட்டால் அதே கணம் கண் பிடித்துவிடும். இடதும் வலதும் சமமா என்று விரலால் தடவித் தடவி ஊகிக்க வேண்டியதில்லை, கோடுகளே சொல்லும். சிற்பியும் தச்சரும் பட்டையில் நிற்பது இதனால்தான்.

அரை மில்லிமீட்டர் என்ன செய்யும்

சமம் அவ்வளவு முக்கியமா? நம் பொய்மீனின் பருமன் சுமார் 15 கன சென்டிமீட்டர். ஆர்க்கிமிடீஸ் விதிப்படி முழுக்க மூழ்கினால் அது 15 கிராம் தண்ணீரை விலக்கும். கல்யாண முருங்கையின் அடர்த்தி சுமார் 0.3. அப்படியானால் மரத்தின் எடை நாலரை கிராம். கொக்கி, வளையம், வயிற்றில் வைக்கும் ஈயம் எல்லாம் சேர்த்து ஆறு கிராம் என்று வைப்போம். மொத்தம் பத்தரை. நாலரை கிராம் கையிருப்போடு மிதக்கும். இதே உருவைத் தேக்கில் செய்தால் மரமே பத்து கிராமுக்குப் பக்கத்தில் வந்துவிடும். கொக்கி மாட்டியதும் மூழ்கும்.

இப்போது சுற்றிலும் அரை மில்லிமீட்டர் அதிகமாகத் தேய்த்துவிட்டீர்கள் என்று கொள்ளுங்கள். பருமனில் சுமார் 11 சதவீதம் போய்விடும். மிதக்கும் கையிருப்பில் நான்கில் ஒரு பங்கு கரைந்துவிடும். அந்த அரை மில்லிமீட்டர் ஒரு பக்கம் மட்டும் போனால் இன்னும் மோசம். முன்னால் பொருத்தியிருக்கும் உதட்டுத் தகட்டில் தண்ணீர் மோதி, இடமும் வலமும் மாறி மாறிச் சுழல்கள் பிரிவதால்தான் பொய்மீன் வாலை ஆட்டுகிறது. இரு பக்கமும் சமமாக இருந்தால் ஆட்டமும் சமமாக இருக்கும். சமம் குலைந்தால் அது ஒரு பக்கமாகவே திரும்பி ஓடும்.

ஆகவே அனுபவம் உள்ளவர்கள் ஓர் ஒழுங்கைக் கடைப்பிடிக்கிறார்கள். கட்டை சதுரமாக இருக்கும்போதே நடுக்கோட்டை நான்கு பக்கமும் இழுத்துவிடுவார்கள். கம்பி போகும் துளை, ஈயம் வைக்கும் குழி, உதடு செருகும் வெட்டு எல்லாவற்றையும் அப்போதே போட்டுவிடுவார்கள். உருண்டையாகிவிட்ட பிறகு துளைப்பானை எதில் அணைத்து நேராக நிறுத்துவது? தட்டையான முகம் இருக்கும்வரைதான் செங்குத்து என்பதற்குப் பொருள்.

அடுத்து, பழைய எக்ஸ்ரே ஃபிலிமில் வெட்டிய அச்சை வைத்துப் பக்கவாட்டுத் தோற்றத்தை வரைந்து ரம்பத்தால் அறுப்பார்கள். அறுத்து விழுந்த துண்டுகளை எறியாமல் மீண்டும் அதே இடத்தில் டேப் போட்டு ஒட்டிவிட்டு, கட்டையைத் திருப்பி மேல் தோற்றத்தை அறுப்பார்கள். துண்டுகள் ஒட்டியிருப்பதால் கட்டை ஆடாமல் உட்காரும், கோடும் அழியாமல் இருக்கும். பத்துப் பொய்மீன் செய்வதானால் பத்துக்கும் துளை, பிறகு பத்துக்கும் அறுப்பு, பிறகு பத்துக்கும் பட்டை என்று போவார்கள். ஒரே அசைவைப் பத்து முறை தொடர்ந்து செய்யும் கைக்குக் கணக்கு தானாக வந்துவிடும்.

நார் போகும் வாகு

மரம் என்பது நீளவாக்கில் அடுக்கிய மெல்லிய குழாய்களின் கட்டு. நாரோடு சீவினால் சில்லு சுருண்டு வரும். நாருக்கு எதிராகச் சீவினால் கத்தி நாருக்கு அடியில் நுழைந்து பிளந்துகொண்டு போகும், பள்ளம் விழும். மீனின் உடல் நடுவில் பருத்து இரு நுனியிலும் ஒடுங்குவது. எனவே விதி எளியது. பருத்த நடுவிலிருந்து வாலை நோக்கிச் சீவு, பிறகு கட்டையைத் திருப்பிப் பிடித்து நடுவிலிருந்து தலையை நோக்கிச் சீவு. நுனியிலிருந்து நடுவுக்கு ஏறாதே. பூனையின் முதுகை எந்தப் பக்கமாகத் தடவ வேண்டும் என்று பூனையே சொல்லிவிடும். மரமும் அப்படித்தான்.

மென்மரங்களுக்கு ஒரு குறை உண்டு. கல்யாண முருங்கை போன்றவை சீக்கிரம் சீவப்படும், ஆனால் தேய்க்கும்போது பிசிறு எழும். கர்நாடகத்துச் சென்னபட்டணத்தின் மரப்பொம்மைகளுக்குப் பயன்படும் வெட்பாலை நெருக்கமான நார் கொண்டது, வழவழப்பு உடனே வந்துவிடும், ஆனால் கனம் கூடும். மிதப்பும் வழவழப்பும் ஒரே மரத்தில் முழுமையாகக் கிடைப்பதில்லை. எது வேண்டும் என்று முதலிலேயே தீர்மானித்துக்கொள்ள வேண்டும்.

ஆம்பூரின் கால்

அரக்கோணத்தில் மேற்கே போகும் ரயிலில் ஏறினால் வாலாஜா ரோடு, காட்பாடி, குடியாத்தம், ஆம்பூர், வாணியம்பாடி என்று தோல் நாடு வழியாகவே போகும். இந்த ஊர்களின் ஷூ தொழிற்சாலைகளில் ‘லாஸ்ட்’ என்று ஒன்று இருக்கும். கால் இல்லாத இடத்தில் காலாக நிற்கும் அச்சு. அதன்மேல்தான் தோலை இழுத்துப் பொருத்தி ஷூவை உருவாக்குகிறார்கள். இன்று அது பெரும்பாலும் பிளாஸ்டிக். முன்பு உலகெங்கும் அது மரம்.

அம்பாசமுத்திரத்து மரச் சொப்புச் சாமான்களைப் போலக் கடைசல் எந்திரத்தில் செய்துவிடக் கூடாதா? முடியாது. சாதாரணக் கடைசலில் எங்கே வெட்டினாலும் வட்டமே வரும். பாதம் எந்த இடத்திலும் வட்டம் இல்லை, மீனும் அப்படித்தான். இடது காலுக்கும் வலது காலுக்கும் வேறு வேறு உரு வேண்டும் என்பது இன்னொரு சிக்கல்.

இதற்கு விடை ஒரு துப்பாக்கித் தொழிற்சாலையிலிருந்து வந்தது. அமெரிக்காவின் மசாசூசெட்சைச் சேர்ந்த தாமஸ் பிளாஞ்சர்ட் 1819-இல் ஒரு எந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். துப்பாக்கியின் மரக் கட்டையைச் செய்வதற்கான எந்திரம் அது. மாதிரி உரு ஒன்றும், வெட்ட வேண்டிய மரம் ஒன்றும் சேர்ந்தே மெதுவாகச் சுழலும். மாதிரியின்மேல் ஒரு சக்கரம் உருண்டு, அதன் மேடு பள்ளங்களுக்கேற்ப ஏறி இறங்கும். அதே விட்டம் கொண்ட வெட்டும் சக்கரம் மரத்தின்மேல் அதே அளவு ஏறி இறங்கி அறுக்கும். இரண்டு சக்கரங்களும் ஒரே அளவில் இருப்பதில்தான் சூட்சுமம். அளவு வேறானால் பள்ளங்கள் மாதிரியில் உள்ளபடி வராது.

அதே எந்திரம் கோடாரிக் காம்பையும் ஷூ லாஸ்டையும் செய்தது. மாதிரியை ஒரு திசையிலும் மரத்தை எதிர்த் திசையிலும் சுழற்றினால் வலது காலிலிருந்து இடது கால் பிறக்கும். இன்று பொய்மீன் உடல்களை அதிக அளவில் செய்கிறவர்கள் பயன்படுத்தும் நகலெடுக்கும் கடைசல் எந்திரங்களும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவைதான்.

ஆனால் அந்த எந்திரமும் வழவழப்பைத் தரவில்லை. வெட்டுச் சக்கரம் போன தடம் வரி வரியாக மரத்தில் நிற்கும். அதைத் தேய்த்துத்தான் எடுக்க வேண்டும். பதினாறு பட்டையில் மிஞ்சும் மேடும் இதுவும் ஒரே இனம். எந்த வழியில் போனாலும் கடைசி அடியை உப்புத்தாள்தான் எடுத்து வைக்கிறது.

பொய்மீனுக்கும் தோல் தொழிலுக்கும் இன்னொரு உறவும் உண்டு. பின்லாந்தின் லவுரி ராபாலா 1936-இல் தன் முதல் பொய்மீனைத் தக்கையில் செதுக்கினார். சிறுமீன் கூட்டத்தில் சற்றே தடுமாறி நீந்துவதைத்தான் பெரிய மீன் குறிவைக்கிறது என்பதைப் படகிலிருந்து பார்த்துத் தெரிந்துகொண்டவர் அவர். அவர் கையில் இருந்த கருவிகள் இரண்டு: உப்புத்தாளும், செருப்புத் தைப்பவரின் கத்தியும். தோலை ஒரே சீராகச் சீவுவதற்கென்று உருவான கத்தி தக்கையையும் சீராகச் சீவியது. பிற்காலத்தில் உலகம் முழுவதும் போன ராபாலா பொய்மீன்கள் அந்தக் கத்தியில் தொடங்கின.

தாளின் பின்னால் உள்ள எண்

உப்புத்தாளைத் திருப்பிப் பாருங்கள். பி 80, பி 120, பி 180, பி 240 என்று எண் இருக்கும். எண் கூடக் கூட மணி சிறுக்கும். பி 80-இன் மணி சராசரியாக 0.2 மில்லிமீட்டர். பி 120-இல் 0.125. பி 180-இல் சுமார் 0.08. பி 240-இல் 0.06-க்கும் சற்றுக் குறைவு. சென்னையில் முருகப்பா குழுமம் 1954-இல் தொடங்கிய கார்போரண்டம் யுனிவர்சல் போன்ற நிறுவனங்கள் வந்த பிறகு நல்ல தேய்ப்புத் தாள் நம் ஊரிலேயே செய்யும் பொருளாகிவிட்டது.

ஒவ்வொரு மணியும் ஒரு குட்டி உளி. கூர்மையாக இருக்கும்போது அது வெட்டும். கொஞ்சம் மழுங்கினால் மண்ணில் ஏர் போவது போல மரத்தை இரு பக்கமும் ஒதுக்கும். முழுக்க மழுங்கினால் உரசிச் சூடேற்றும், வேறொன்றும் செய்யாது. கையை எவ்வளவு அழுத்தினாலும் மழுங்கிய மணி வெட்டாது. தாளைக் கிழித்து எறிய மனம் வராமல் இன்னும் பத்து நிமிடம் தேய்ப்பது சிக்கனம் ஆகாது.

ஒவ்வொரு தாளுக்கும் ஒரே ஒரு கடமைதான். முந்தைய தாள் போட்ட கீறலை அழித்துவிட்டு, அதைவிட ஆழம் குறைந்த தன் கீறலை வைத்துவிட்டுப் போக வேண்டும். மணியின் அளவு படிக்குப் படி ஒன்றரை மடங்கு அளவில் குறைவதால் ஒவ்வொரு படியும் சீக்கிரம் முடியும். பி 80-இலிருந்து ஒரே தாவலில் பி 240-க்குப் போனால் மெல்லிய மணி ஆழமான கீறலோடு நீண்ட நேரம் போராட வேண்டிவரும். வண்ணம் பூசிய பிறகு அந்தக் கீறல்கள் ஒவ்வொன்றாகக் கண்ணில் படும். பதினாறு பட்டை வரை உளியாலும் அரத்தாலும் வந்துவிட்டவருக்குப் பி 80 அநேகமாகத் தேவையே இல்லை. நேரே பி 120-இல் தொடங்கலாம்.

வளைந்த உடலைத் தேய்க்கும் முறையை இந்தப் பகுதி மக்கள் ஏற்கெனவே அறிவார்கள். ஷூவுக்குப் பளபளப்பு ஏற்றத் துணிப்பட்டையின் இரு முனையையும் பிடித்து மாறி மாறி இழுப்பார்களே, அதே அசைவு. துணி ஒட்டிய உப்புத்தாளை இரண்டு சென்டிமீட்டர் அகலத்தில் பட்டையாகக் கிழித்து, மரமீனை இடுக்கியில் பிடித்து, குறுக்கே இழுங்கள். பட்டை வளைவைத் தழுவிக்கொண்டு முனைகளை மட்டும் கரைக்கும். விரல் நுனியால் அழுத்தினால் விழும் குழி இதில் விழாது. பிறகு நீளவாக்கில் நாரோடு சில இழுப்பு இழுத்தால் குறுக்குக் கீறல்கள் மறையும்.

கடைசியில் ஈரத் துணியால் ஒரு முறை துடைத்து உலரவிட வேண்டும். தேய்க்கும்போது அமுங்கிப்போன நார்கள் ஈரம் பட்டதும் நிமிர்ந்து நிற்கும். மறுபடி சொரசொரப்பாகிவிட்டதே என்று பதறத் தேவையில்லை. ஏரியில் விழுந்த பிறகு நடக்க வேண்டியதை இப்போதே நடக்க வைத்துவிட்டோம். பி 240-ஆல் மெல்லத் தடவி அந்த நுனிகளை எடுத்துவிட்டு, நீர் புகாத பூச்சைப் பூசலாம்.

மூக்குக்குள் போகும் மரம்

இதுவரை நேரத்தையும் அளவையும் பற்றிப் பேசினோம். தேய்ப்பைக் குறைக்க வேண்டும் என்பதற்கு இவற்றைவிடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது. இந்த அத்தியாயத்தை எழுதத் தூண்டியதே அதுதான்.

இங்கிலாந்தின் ஹை விக்கம் மரச்சாமான்களுக்குப் பேர் போன ஊர். அங்கே காது மூக்கு தொண்டை மருத்துவராக இருந்த எஸ்மி ஹாட்ஃபீல்டு, 1960-களில் ஒன்றைக் கவனித்தார். மற்ற இடங்களில் மிக அரிதான ஒரு வகை மூக்குப் புற்றுநோய் அவரிடம் வரும் மரச்சாமான் தொழிலாளர்களிடம் திரும்பத் திரும்பத் தென்பட்டது. நோய்ப் பரவல் ஆய்வாளர் டொனால்டு ஆச்செசனோடு சேர்ந்து நடந்த ஆய்வு 1968-இல் வெளியானது. மரத்தூள் காரணமாக இருக்கலாம் என்று அது காட்டியது. 1970-இல் ஆச்செசன் குழு அதே நோயை இன்னொரு தொழிலிலும் கண்டது. இடம் நார்த்தாம்ப்டன்ஷயர், தொழில் ஷூ தயாரிப்பு, தூள் தோல் தூள்.

இன்று உலகச் சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை மரத்தூளையும் தோல் தூளையும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்ற முதல் வகுப்பிலேயே வைத்திருக்கிறது. ஒரே மூக்கு, ஒரே நோய், இரண்டு தொழில்கள். தோல் பதனிடும் ஊர்களில் ‘பஃபிங்’ என்னும் தேய்ப்பு வேலை செய்பவரும், கொட்டகையில் உட்கார்ந்து மரமீன் தேய்ப்பவரும் ஒரே ஆபத்தின் முன் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருவர் அதை எட்டு மணி நேரம், ஆண்டுக்கணக்காகச் செய்கிறார் என்பதுதான் வேறுபாடு. அவர் இருக்கும் இடத்தில் தூளை உறிஞ்சும் குழாய் ஓட வேண்டும், நல்ல முகமூடி அவர் கேட்காமலேயே கிடைக்க வேண்டும். அது அவருக்கு யாரும் செய்யும் தயவு இல்லை.

வீட்டில் செய்பவருக்கும் அறிவுரை ஒன்றே. முகமூடி அணியுங்கள், காற்றோட்டத்தில் உட்காருங்கள், பூச்சு உலர்ந்த பின் தேய்க்கும்போது நனைத்துப் பயன்படுத்தும் வகை உப்புத்தாளை ஈரமாக்கித் தேயுங்கள். எல்லாவற்றுக்கும் முன்னால், தூளாக்க வேண்டியதைக் குறையுங்கள். உளி எடுப்பது சில்லு. சில்லு கீழே விழும், துடைப்பத்தால் கூட்டி அடுப்பில் போடலாம். உப்புத்தாள் எடுப்பது தூள். தூள் காற்றில் நிற்கும், மூச்சோடு உள்ளே போகும். அதே மரம் எந்த வடிவில் பிரிகிறது என்பதில் இவ்வளவு இருக்கிறது.

எட்டுப் பட்டையின் கணக்கை இப்போது இன்னொரு முறை படியுங்கள். நீக்க வேண்டிய மரத்தில் எண்பது சதவீதம் நான்கு வெட்டில் சில்லாகப் போகிறது. பதினாறு பட்டையில் தொண்ணூற்றைந்து சதவீதம். தூளாவதற்கு எஞ்சுவது ஐந்தே சதவீதம். மகேந்திரவாடித் தூணின் நடுவில் நிற்கும் அந்த எட்டு முகங்களை வெட்டியவர்களுக்குச் சதவீதம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. கல்லும் கையும் அவர்களுக்கு வேறு மொழியில் அதைச் சொல்லியிருக்கும்.

அடுத்த முறை பொய்மீன் செய்ய உட்காரும்போது மடியில் ஒரு செய்தித்தாளை விரித்துக்கொள்ளுங்கள். வேலை முடிந்ததும் சில்லுகளைத் தனியே எடுத்துவிட்டு, தாளை நடுவில் மடித்து, தூளை ஒரு பக்கம் சேர்த்துப் பாருங்கள். அது ஒரு சிட்டிகை அளவுக்குள் நின்றால் உங்கள் கை தேர்ந்துவிட்டது என்று பொருள்.